பிரஷர் இறங்குது, நாடி ஏறுது: 22ஆம் வாரத்தில் இது சரிதானா?

பாம்பன்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வீட்டில் தலைச்சன் பிரசவம். 22 வாரம் முடிந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அட்டையில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

9ஆம் வாரம்: பிரஷர் 114/72, நாடி 78, ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 12.1.
இப்போது: பிரஷர் 106/62, நாடி 94, ஹெச்.பி. 10.7.

நர்சம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, மாத்திரையை மட்டும் விடாம போடச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். எங்கள் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "பிரஷர் இறங்குது, ரத்தம் வத்துது, நெஞ்சு படபடங்குது, இதுல என்ன நல்லாயிருக்கு?" என்று கேட்கிறார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அவளுக்கு எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றுகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது. நான் கடலுக்குப் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வருவேன். அதனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

கீழக்கரை லாத்தா

தம்பி, மூன்று பெற்றவள் சொல்கிறேன். மூன்றுக்கும் இதே கதைதான். ஐந்தாம் மாசம் பிரஷர் பார்த்தால் எனக்கு 100/60க்கு மேல் ஏறினதே இல்லை. எட்டு, ஒன்பதில் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. என் உம்மா நாட்டுக்கோழி சூப்பு வைத்துக் கொடுத்து, அதனால்தான் ஏறியது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

காரணம் என்ன என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள். எனக்கும் கேட்க ஆசை.

தேவிபட்டினம் வாத்தியார்

நான் டாக்டர் இல்லை, நர்சிங் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுப்பவன். இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் கண்மாயைத்தான் உதாரணம் சொல்வேன், நம் பிள்ளைகளுக்கு அதுதான் உடனே பிடிபடும்.

நிறைந்த கண்மாயில் எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் மட்டம் இறங்கும். கர்ப்பத்தில் முதலில் நடப்பது இதுதான். கரு தங்கிய ஐந்தாறு வாரத்திலேயே உடம்பு முழுக்க உள்ள சின்னச் சின்னத் தமனிகள் இளகி விரிகின்றன. புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், ரிலாக்சின் என்ற ஹார்மோன்களும், ரத்தக்குழாயின் உள்சுவரே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து செய்யும் வேலை அது. ரத்தம் ஓடுவதற்கு உள்ள தடை நூற்றுக்கு 25 முதல் 35 பங்கு வரை குறைந்துவிடுகிறது. வயிறு வெளியே தெரியும் முன்பே இது தொடங்கிவிடும், நஞ்சுக்கொடி முழுதாக உருவாகும்வரை காத்திருப்பதில்லை. நான் ஆச்சரியப்படுவது இந்த இடத்தில்தான். விருந்தாளி வந்து சேருமுன்பே வாசலை அகலப்படுத்தி வைக்கிறது உடம்பு.

மடை திறந்தாயிற்று, மட்டம் இறங்குகிறது. சிறுநீரகத்துக்கு அது "ரத்தம் போதவில்லை" என்ற செய்தியாகப் போய்ச் சேர்கிறது. ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன, உப்பும் நீரும் வெளியே போகாமல் உள்ளே தங்குகின்றன. பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, பிரசவ நாளுக்குள் 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. கிட்டத்தட்ட ஒன்றேகால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பணுக்களும் கூடத்தான் செய்கின்றன, ஆனால் அவை 20 முதல் 30 சதவீதம்தான். நீர் வேகமாக ஏறுகிறது, அணு மெதுவாக ஏறுகிறது. அதனால் ஹெச்.பி. எண் இறங்கித் தெரியும். உங்கள் அம்மா "ரத்தம் வத்துது" என்கிறாரே, அது தலைகீழ். உங்கள் மனைவி உடம்பில் கல்யாணத்தன்று இருந்ததைவிட இன்று ரத்தம் அதிகம்.

இன்ஜின் மெக்கானிக்

வாத்தியாரே, கண்மாய் சரி. மோட்டார் பக்கம் என்ன நடக்கிறது? குழாயை அகலமாக்கிவிட்டால் அதே பிரஷர் கொடுக்க பம்பு அதிகம் தள்ள வேண்டுமே.

தேவிபட்டினம் வாத்தியார்

தள்ளுகிறது. சாதாரணமாக இதயம் நிமிஷத்துக்கு 5 லிட்டர் அளவுக்கு ரத்தம் தள்ளும் என்றால் கர்ப்பத்தில் அது 7 லிட்டர் வரை போகிறது. 30 முதல் 50 சதவீதக் கூடுதல். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி 20ஆம் வாரத்துக்கு முன்பே முடிந்துவிடும். முதலில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் அளவு கூடுகிறது. பிறகு துடிப்பின் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசி மாதங்களில் முன்பைவிட 10 முதல் 20 வரை அதிகமாக நிற்கும். 78 என்பது 94 ஆனது இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது.

இரண்டு லிட்டர் கூடுதல் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 2,880 லிட்டர். நம் ஊரில் தள்ளுவண்டியில் 15 லிட்டர்க் குடம் அடுக்கித் தண்ணீர் தள்ளி வருகிறார்களே, அந்தக் குடத்தில் 192 குடம். அதுவும் அவள் படுத்துக் கிடந்தாலும் சேர்த்து. "மாசமா இருக்கிறவ என்ன பெரிய வேலை செஞ்சுட்டா?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பம்பும் கொஞ்சம் உருமாறுகிறது. இடது கீழறையின் சுவர் தடிக்கிறது, அறையும் சற்றுப் பெரிதாகிறது. கருப்பை மேலே ஏற ஏற உதரவிதானம் உயர்ந்து, இதயத்தை மேலும் இடப்பக்கமுமாகச் சாய்க்கிறது. அதனால் இ.சி.ஜி. எடுத்தால் சிலருக்கு இதயத்தின் மின் அச்சு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பித் தெரியும். ஓட்டம் அதிகம் என்பதால் ஸ்டெதாஸ்கோப்பில் மெல்லிய இரைச்சலும் பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும்.

இன்ஜின் மெக்கானிக்

கை சும்மா இருக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரஷர் என்பது ஓட்டத்தைத் தடையால் பெருக்குவதுதானே. ஓட்டம் 1.4 மடங்கு, தடை 0.65 மடங்கு. பெருக்கினால் 0.91. அப்படியென்றால் நூற்றுக்கு 9 பிரஷர் குறைய வேண்டும்.

பாம்பன் தம்பி அட்டையை எடுத்துக்கொண்டேன். மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, மூன்றால் வகுத்து, கீழ் எண்ணோடு கூட்டினால் சராசரி. முன்பு 86, இப்போது 77. நூற்றுக்குப் பத்து குறைந்திருக்கிறது. அட! டீசல் இன்ஜினில்கூட எனக்கு இவ்வளவு கிட்டத்தில் கணக்கு வந்ததில்லை.

பாம்பன்காரன்

அண்ணே, நீங்கள் கணக்குப் போட்டதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவன் போட்டு இன்ஜினைப் பாத்துக்கிடட்டும்" என்றார்.

மண்டபம் நர்சம்மா (ஓய்வு)

28 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே வருகிறேன்.

ஹெச்.பி. இறங்குவது இயல்பு என்று படித்துவிட்டு மாத்திரையை ஜன்னல் திட்டில் வைத்துவிடுவார்கள். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! தண்ணீர் கலந்து எண் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் கர்ப்பமாகும் முன்பே ரத்தசோகையோடுதான் வருகிறார்கள். அதை இயல்பு என்ற கணக்கில் சேர்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் நடுமூன்று மாதத்துக்கு 10.5 என்று கோடு போடுகிறது. நம் நாட்டுத் திட்டத்தில் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்றே அட்டையில் எழுதுவோம். அந்தக் கணக்கில் 10.7 லேசான ரத்தசோகைதான். இரும்புச்சத்து மாத்திரை நாளைக்கு ஒன்றா இரண்டா என்று அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டு வாங்குங்கள். டீ, காப்பியோடு போட வேண்டாம், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறு குடித்தால் நல்லது.

தலைசுற்றலுக்கு: படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. கொஞ்சம் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பிறகு எழ வேண்டும். ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நிற்கவிடாதீர்கள். ஏற்கெனவே விரிந்திருக்கும் குழாய்கள் வெயிலுக்கு இன்னும் விரியும், ரத்தம் காலில் தங்கும், மூளைக்குப் போவது ஒரு நொடி குறையும். மயங்கி விழ அது போதும்.

பாசிக்காரி மகள்

என் அம்மா மண்டபம் பக்கம் கடலில் பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகரம் கட்டிக்கொண்டு முங்குவார். நான் வயிற்றில் இருந்தபோதும் ஆறு மாதம்வரை போயிருக்கிறார். "கரையில நின்னா கால் வீங்கும், கழுத்தளவு தண்ணில நின்னா வத்திரும், ஆனா மூத்திரந்தான் அடக்க முடியாது" என்பார். இதில் உண்மை உண்டா? அல்லது வேலைக்குப் போக அவர் சொல்லிக்கொண்ட சமாதானமா?

தேவிபட்டினம் வாத்தியார்

உங்கள் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. இரண்டும் உண்மை.

கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது ஏன்? கனத்த கருப்பை இடுப்புக்குள் உள்ள பெருஞ்சிரைகளை அழுத்துகிறது. காலிலிருந்து ரத்தம் மேலே ஏறத் தாமதமாகிறது. பிளாஸ்மா நீர்த்துப்போனதால் ரத்தத்தில் புரதத்தின் அடர்த்தியும் குறைவு, அதனால் நீர் குழாயைவிட்டு எளிதாகக் கசிகிறது. இப்போது கழுத்தளவு தண்ணீரில் நில்லுங்கள். தண்ணீர் நாலா பக்கமும் காலை அழுத்துகிறது, கீழே எவ்வளவு ஆழமோ அவ்வளவு அழுத்தம். கசிந்த நீர் திரும்பக் குழாய்க்குள் போய் நெஞ்சுப் பக்கம் ஏறுகிறது. இதய மேலறைகள் விரிந்ததும் "நீர் அதிகம், வெளியேற்று" என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அதனால்தான் மூத்திரம். கர்ப்பிணிகளின் கால் வீக்கத்துக்குத் தண்ணீரில் நிற்கவைப்பதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், பலன் தெரிந்திருக்கிறது. உங்கள் அம்மா காசு வாங்காமல் கண்டுபிடித்தது.

மண்டபம் நர்சம்மா (ஓய்வு)

நிற்பது வேறு, மூச்சை அடக்கி முங்குவது வேறு. நிற்கலாம், முங்க வேண்டாம். பாறையில் வழுக்கி விழுவதை யார் பார்ப்பது? இதைப் படித்துவிட்டு யாரும் மாசமாக இருக்கும் பெண்ணைக் கடலுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கீழக்கரை லாத்தா

எங்கள் வீட்டில் ஒன்று சொல்வார்கள். மல்லாந்து படுக்காதே, புரளணும் என்றால் எழுந்து உட்கார்ந்து அந்தப் பக்கம் படு, இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்று. உங்கள் பக்கமும் உண்டா?

பாம்பன்காரன்

உண்டு உண்டு. ராத்திரி நாலு தரம் எழுந்து உட்கார்கிறாள் பாவம். அம்மா காவல்.

மண்டபம் நர்சம்மா (ஓய்வு)

கொடி சுற்றுவதற்கும் புரள்வதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. படுத்தபடியே புரளலாம், தூங்கவிடுங்கள் அந்தப் பிள்ளையை.

ஆனால் மல்லாந்து படுக்காதே என்றதில் நியாயம் உண்டு. 20 வாரத்துக்கு மேல் மல்லாந்தால் கருப்பை முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் கீழ்ப் பெருஞ்சிரையை அமுக்கிவிடும். கீழிருந்து இதயத்துக்கு வரவேண்டிய ரத்தம் தடைப்பட்டால், இதயம் தள்ளுவதும் குறையும். கால்பங்குகூடக் குறையலாம். சிலருக்கு வியர்த்துக் குமட்டி கண் இருட்டும். பரிசோதனைக் கட்டிலில் படுக்கவைத்துப் பேசிக்கொண்டே இருந்தபோது ஒரு பெண் வெளிறிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். இடப்பக்கமாகத் திருப்பினோம், ஒரு நிமிஷத்தில் சிரித்தாள். அதனால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், இடப்பக்கம் என்றால் நல்லது. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், முழிப்பு வரும்போது திரும்பிக்கொள்ளலாம்.

இன்ஜின் மெக்கானிக்

எல்லாமே இயல்பு என்றால் மாதாமாதம் செக்கப் எதற்கு? கோபப்பட வேண்டாம், உண்மையாகத்தான் கேட்கிறேன். படபடப்பு இயல்பு, வீக்கம் இயல்பு, மூச்சு வாங்குவது இயல்பு, இரைச்சல் இயல்பு. பிறகு நோயை எதை வைத்துப் பிரிப்பது?

சாயல்குடி மதினி

இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். என் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழாம் மாதம் மூச்சு வாங்கியது. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். "வயித்துல பிள்ளை இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பே வைக்கவில்லை. ஒரு வாரத்தில் படுக்க முடியாமல் ஆயிற்று. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினாள். ராத்திரி இருமிக்கொண்டே எழுந்து ஜன்னலைத் திறப்பாள். 108க்குப் போன் செய்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர், நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசுல மூட்டு மூட்டா வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" வந்திருந்தது. ஒன்பது வயதில். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எக்கோவில், அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனில், ஈரிதழ் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. அவளுக்கே அதுவரை தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஓடியாடி வேலை செய்தவள்தான். மருந்து கொடுத்து நாடியைக் குறைத்து, ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து பிரசவம் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் வெளியே வந்தது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

தேவிபட்டினம் வாத்தியார்

மதினி, அந்த வால்வு இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு. இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் ஓய்வெடுக்கும் சின்ன நேரத்தில்தான் ரத்தம் அதன் வழியே கீழே இறங்கும். கதவு சுருங்கிவிட்டால் இறங்க அதிக நேரம் வேண்டும். கர்ப்பத்தில் இரண்டு விஷயம் ஒன்றாக வருகின்றன. ரத்தம் அதிகம், நாடி வேகம். நாடி வேகமானால் ஓய்வு நேரம்தான் முதலில் சுருங்கும். குறுகின கதவு, கூடுதல் கூட்டம், குறைந்த நேரம். உள்ளே போக முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. நல்ல இதயம் பேசாமல் தாங்கிக்கொள்கிற அதே மாற்றம், சுருங்கிய வால்வைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்படி முதன்முறையாகக் கர்ப்பத்தில் கண்டுபிடிக்கப்படும் வால்வு நோய் நம் நாட்டில் இன்றும் உண்டு.

இரைச்சல் பற்றி நான் மேலே எழுதியதில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். இதயம் சுருங்கும்போது கேட்கும் மெல்லிய இரைச்சல்தான் இயல்பு. இதயம் விரியும்போது கேட்டால் எக்கோ எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அந்த டாக்டர் காதில் விழுந்தது அதுவாகத்தான் இருக்கும்.

மண்டபம் நர்சம்மா (ஓய்வு)

மெக்கானிக் தம்பிக்கு என் பதில். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது சரி. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, தூக்கத்திலிருந்து மூச்சுக்காக எழுந்து உட்காருவது, இருமலில் ரத்தம், நெஞ்சுவலி, வேலை செய்யும்போது மயங்கி விழுவது, சும்மா இருக்கும்போதே நாடி 120க்கு மேல் போய் இறங்காமல் நிற்பது, இவை எதுவுமே சரி இல்லை. அன்றைக்கே போக வேண்டும்.

பிரஷர் இறங்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறீர்கள். நான் பயந்ததெல்லாம் ஏறுவதற்குத்தான். 20 வாரத்துக்கு மேல் 140/90 வந்தால் விடக் கூடாது. 160/110 என்றால் வண்டியைக் கூப்பிட வேண்டும். கால் வீக்கம் சாயங்காலம் வந்து காலையில் வற்றினால் சரி. திடீரென்று முகமும் கையும் ஊதி, மோதிரம் கழற்ற வராமல், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் காத்திருக்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலும் காட்ட வேண்டும். பிரசவ நேர ரத்தப்போக்கைத் தாங்க உடம்பு ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி மாற்றி வைத்திருக்கும். அதனால் கால் சிரையில் கட்டி கட்டும் வாய்ப்பும் கூடுகிறது.

கீழக்கரை லாத்தா

ஏன் சிலருக்கு மட்டும் பிரஷர் ஏறுகிறது, வாத்தியாரே? என் சின்ன நாத்தனாருக்கு வந்தது, அதனால் கேட்கிறேன்.

தேவிபட்டினம் வாத்தியார்

முழுக் காரணம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. பெரிய பங்கு கருப்பைச் சுவரில் உள்ள சுருள் தமனிகளுக்கு. நல்ல கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தத் தமனிகளுக்குள் புகுந்து சுவரில் உள்ள தசையையே அரித்து எடுத்துவிடுகின்றன. தசை இல்லாத குழாய் இனி சுருங்க நினைத்தாலும் சுருங்க முடியாது. அகன்று புனல் மாதிரி ஆகிவிடும். கருப்பைக்கு முன்பு நிமிஷத்துக்கு 50 மில்லியோ 100 மில்லியோ போன ரத்தம், பிரசவ நேரத்தில் 500 முதல் 750 மில்லி வரை போவது இப்படித்தான். இந்த வேலை அரைகுறையாக நின்றுபோனால் நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. அது வெளியிடும் பொருள்கள் தாயின் ரத்தக்குழாய் உள்சுவரைக் கெடுக்கின்றன, இளக வேண்டிய குழாய் இறுகுகிறது. பாம்பன் தம்பி அட்டையில் 62 என்று கீழ் எண் இறங்கியிருப்பதைப் பார்த்து எனக்கு ஏன் சந்தோஷம் என்று இப்போது புரிகிறதா?

பாம்பன்காரன்

34 வாரம். பிரஷர் 112/70, நாடி 98, ஹெச்.பி. 11.2. மாத்திரை தவறவில்லை. அம்மா கருவாட்டையும் உப்பையும் அடியோடு நிறுத்திவிட்டார், வீக்கம் குறையும் என்று. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மண்டபம் நர்சம்மா (ஓய்வு)

நல்ல எண்கள். பிரஷர் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, கடைசி மாதங்களில் அப்படித்தான் இருக்கும். இயல்பான கர்ப்பத்தில் உப்பை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, நிறுத்துவதால் வீக்கமும் வற்றாது. குழம்பில் வழக்கமான உப்பைப் போடச் சொல்லுங்கள். கருவாடு தினமும் வேண்டாம், ஆசைக்கு ஒரு நாள் சாப்பிடட்டும்.

பிரசவத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வலிக்கும் கருப்பை சுருங்கும்போது 300 முதல் 500 மில்லி ரத்தம் பிழியப்பட்டு உடம்புக்குத் திரும்பும். பிள்ளை வெளியே வந்த உடனேதான் இதயத்துக்கு உச்ச வேலை. அதனால்தான் பிரசவம் முடிந்த பிறகும் நாடி, பிரஷர் என்று வந்து வந்து பார்ப்போம். வீட்டுக்கு வந்த பின்னும் விடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் ஏறுவது உண்டு. கர்ப்பத்தில் ஏறாதவர்களுக்கும்கூட ஏறும்.

பாம்பன்காரன்

பெண் குழந்தை. 3 கிலோ 100 கிராம். சுகப்பிரசவம். இழையில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதல் வாரம் ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டியது, மூத்திரம் அடிக்கடி போனது. காய்ச்சலோ என்று பயந்து அளந்து பார்த்தோம், காய்ச்சல் இல்லை. வாத்தியார் சொன்ன அந்த ஒன்றேகால் லிட்டர் வெளியேறுகிறது என்று நானே ஊகித்துக்கொண்டேன். நர்சம்மா வீட்டுக்கு வந்தபோது கேட்டேன், ஆமாம் என்றார். ஐந்தாம் நாள் பிரஷர் 118/76.

ஆறு வாரம் ஆகிவிட்டது. நாடி 80. எண்ணியது எங்கள் அம்மா. நர்சம்மாவிடம் மணிக்கட்டில் விரல் வைக்கக் கற்றுக்கொண்டு, இப்போது தெருவில் யார் வந்தாலும் கையைப் பிடித்து எண்ணுகிறார். நேற்று கரைக்கு வந்து வலையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு எண்ணினார். 96 வந்ததாம். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்கிறார்.

இன்ஜின் மெக்கானிக்

கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு திரும்ப எண்ணச் சொல்லுங்கள். லோடு இறக்கின உடனே ரீடிங் எடுக்கக் கூடாது.